எத்தனை மாடு என்று அம்மா கேட்டதில்லை

எங்கள் பண்ணையில் எத்தனை மாடுகள் இருக்கின்றன என்பது நாற்பத்தொரு வயதுவரை எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒருவருக்குத் தெரியாது. எங்கள் மாவட்டமான டோலிவர் கவுண்டியில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஒருவரிடம் போய் எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதும், பாங்கில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பதும் ஒன்று. அப்படிக் கேட்கிறவன் வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் வளர்ப்பு சரியில்லாதவனாக இருப்பான். அவனுக்கும் மரியாதையாகவே பதில் வரும்: “ஏதோ கொஞ்சம் இருக்கு.” முந்நூறு வைத்திருப்பவருக்கும் கொஞ்சம்தான், முப்பது வைத்திருப்பவருக்கும் கொஞ்சம்தான்.

அந்த ஊரில் அம்மா பார்த்த வேலை, யாரிடம் எத்தனை மாடு என்று எழுதி வாங்குகிற வேலை.

அவள் பெயர் லவோன் ட்வெட். போன மார்ச்சில் இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. சமையலறையில் விழுந்தவளை ஹெலிகாப்டரில் ராபிட் சிட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கண் திறக்கவில்லை. நான் மினியாபொலிஸில் துணை மின் நிலையங்கள் வடிவமைக்கிறேன். விமானம் பிடித்து, வாடகைக் கார் எடுத்து, வந்து சேர்ந்தபோது முடிந்திருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை. அவள் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

வேளாண் உதவி அலுவலகம் ஹேட்லி ஊரின் கடைத்தெருவில் இருந்தது. ஒரு பக்கம் தீவனக் கடை, மறுபக்கம் பல் மருத்துவர் காலிசெய்துவிட்டுப் போன கட்டடம். வறட்சி, ஆலங்கட்டி மழை, இடி, பனிப்புயல் என்று எது வந்து மாடு செத்தாலும், புல் கருகினாலும் அரசாங்கத்தின் அவசர உதவி அந்தக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் ஊருக்குள் வரும். பள்ளி விட்டதும் பஸ் என்னை அங்கேதான் இறக்கிவிடும். ஈரக் கம்பளிச் சட்டை, டீசல், மாடு, இவற்றின் மீது காபி. எல்லாம் கலந்த ஒரு வாசனை அந்த அறைக்கு உண்டு. அம்மாவின் மேஜைக்குக் கிட்டே போனால் மட்டும் பாதாம் வாசனை வரும். கைக்குத் தடவிக்கொள்கிற களிம்பு. காகிதம் தொட்டுத் தொட்டு விரல் நுனி வெடித்துவிடும் அவளுக்கு.

வந்தவர் எதிரே உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைப்பார். அம்மா பெயரை எழுதுவாள், நில எண்ணை எழுதுவாள், மாட்டின் சூட்டுக்குறியை வரைந்துகொள்வாள். எண்ணிக்கைக் கட்டம் வந்ததும் நிறுத்திவிடுவாள். தாளை அவர் பக்கம் திருப்பி, அதன்மேல் பேனாவை வைத்துவிட்டு எழுந்துகொள்வாள்.

“காபி ஆறிப்போச்சு. புதுசா போட்டுட்டு வரேன்” என்பாள்.

பின்னறையில் போய் வேண்டுமென்றே கோப்பைகளை உருட்டுவாள். குழாயைத் திறந்து மூடுவாள். நான் பார்க்கவில்லை, நிதானமாக எழுதுங்கள் என்று வெளியே இருப்பவருக்குத் தெரிய வேண்டும். அவள் திரும்பி வரும்போது தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். காபியைக் குடித்து, மழையைப் பற்றிப் பேசி, அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தும்வரை அந்தத் தாளைப் புரட்ட மாட்டாள்.

வாயால் கேட்டால் அரை நிமிட வேலை என்று ஒரு மேலதிகாரி சொல்லிப் பார்த்தார். அவர் ஒமாஹாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். அம்மா தலையாட்டிவிட்டுக் காபி போடப் போனாள். மாநிலத்திலேயே காபிச் செலவு அதிகமான அலுவலகம் எங்களுடையது என்று தலைமையிடத்திலிருந்து ஒருமுறை விளக்கம்கூடக் கேட்டார்கள். தெருவில் அந்தக் காபி வாசனையை வைத்து ஜோசியம் சொல்வார்கள். எங்கள் வேலிக்கு அடுத்த பண்ணைக்காரர் டுவேன் போஸ்பிசில் தீவனக் கடை வாசலில் நின்றுகொண்டு சொல்வார்: “லவோன் காபி போடறா. எவனோ நொடிச்சுட்டான்.”

காபி நன்றாக இருக்காது. மெலிசாக இருக்கும். யாரும் மிச்சம் வைத்ததில்லை.

நான் வேலைக்குப் போய் ஊரை விட்டு வந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் அந்த அக்டோபர்ப் புயல் வந்தது. இப்போது அதற்குப் பதினோரு வருடமாகிறது. முதலில் மழை, ஒரு நாள் முழுக்க. மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் இன்னும் முளைக்கவில்லை. மழையில் தோல்வரை நனைந்தன. அன்று மாலையே மழை பனியானது. காற்று வடமேற்கிலிருந்து அடித்தது. அப்படி அடிக்கும்போது மாடு நிற்காது. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். வேலி பனியில் மூழ்கிவிட்டதால் வேலிமேலேயே ஏறி நடந்தன. ஒருவர் நிலத்திலிருந்து அடுத்தவர் நிலம், அங்கிருந்து அதற்கடுத்தவர் நிலம். ஓடைப் பள்ளத்தில் இறங்கியவை ஏறவில்லை. பனி மூடிய குட்டைமேல் நடந்தவை உள்ளே போயின. புயல் ஓய்ந்து வெயில் வந்தது. மோசமான வெயில். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

தொலைபேசி சரியானதும் அம்மா கூப்பிட்டாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “சாப்பிடறார்” என்றாள். பேசுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

எங்களுக்கு வடமேற்கில் ஆர்லோ க்வாமின் பண்ணை. அப்பாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். குழந்தைகள் இல்லை. மனைவி வெர்னாவுக்கு நரம்பு நோய், அப்போதே படுக்கையாகி இரண்டு வருடம். சமையலறை ஜன்னலை ஒட்டி அவள் கட்டிலைப் போட்டிருந்தார். அங்கிருந்து சாலையும் மேய்ச்சல் நிலமும் தெரியும். புயலுக்குப் பிறகு அந்த ஜன்னலில் தெரிந்தவற்றை ஆர்லோ முதலில் புதைத்தார். வாடகைக்குப் பொக்லைன் கொண்டுவந்து, வெர்னா தூங்குகிற நேரமாகப் பார்த்துக் குழி வெட்டினார்.

அவருடைய மற்ற மாடுகள் காற்றோடு எங்கள் நிலத்துக்கும், டுவேன் நிலத்துக்கும், அயோன் ஹாகன் என்ற விதவையின் நிலத்துக்கும், அதற்கு அப்பாலும் போய் விழுந்து கிடந்தன. ஊர் வழக்கப்படி எல்லாரும் அவருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். “ஆர்லோ, உங்க குறி போட்டது சிலது இங்க கிடக்கு. நீங்க வரவேணாம், நாங்களே பாத்துக்கறோம்.” சிலது. அவ்வளவுதான். எத்தனை என்று யாரும் சொல்லவில்லை. அடிபட்டுக் கிடக்கிற மனிதனிடம் அவன் இழப்பை எண்ணிச் சொல்வது அவன் பைக்குள் கையை விடுவது மாதிரி. அவரும் கேட்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஊரே மரியாதை காட்டி, அவர் மாடுகளைத் தங்கள் மாடுகளோடு தங்கள் குழியிலேயே புதைத்து மூடியது.

அந்த மரியாதைதான் பிறகு அவர் கழுத்தைப் பிடித்தது.

அந்த நேரம் உதவித் திட்டம் எதுவும் நடப்பில் இல்லை. பழைய சட்டம் காலாவதியாகி, புதியது வராமல் இருந்தது. ஆனாலும் அலுவலகத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் படம் எடுத்து வையுங்கள் என்று அம்மா சொன்னாள். அப்பாவிடமும் சொன்னாள். செத்த மாட்டைப் போய்ப் படம் எடுப்பதா என்றார் அவர். கடைசியில் அவளே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய் எங்கள் மாடுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அடுத்தவர் மாட்டைப் படம் எடுப்பதும் எண்ணுவதுதான் என்று ஆர்லோவுடையதை விட்டுவிட்டாள். ஆர்லோ வெர்னாவை விட்டுவிட்டு ஊருக்குள் வருகிறவர் இல்லை. அவருக்கு அது தெரியாமலே போயிற்று.

வசந்தத்தில் சட்டம் வந்தது. அக்டோபர்ப் புயலுக்கும் செல்லும் என்றார்கள். மே மாத முடிவுவரை அவகாசம். ஒவ்வொரு மாட்டுக்கும் அது செத்ததற்கு ஆதாரம் வேண்டும். படம், அல்லது கண்ணால் பார்த்தவர் ஒருவரின் கையெழுத்துச் சாட்சி. காணாமல் போனது செத்த கணக்கில் வராது. திருட்டுப் போயிருக்கலாம், வழி தவறியிருக்கலாம்.

ஏப்ரலில் ஆர்லோ அலுவலகத்துக்கு வந்தார். அம்மா எல்லாவற்றையும் எழுதி, தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். வந்து பார்த்தபோது நாற்காலி காலி. தாள் கவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. கட்டமும் காலி. பேனாவை மட்டும் எடுத்துக் குவளையில் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் வேலைபார்த்த காலம் முழுவதிலும் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான்.

அந்த வசந்தத்திலிருந்து சனிக்கிழமைகளில் அம்மா அவர் வீட்டுக்குப் போய் வெர்னாவுக்குத் தலை அலசிவிடுவாள். அந்த வாரமும் போனாள். ஆர்லோ தானாகவே சொன்னார். தன் கையால் புதைத்தது எத்தனை என்று தனக்குத் தெரியும். அதை மட்டும் எழுதினால் மற்றவை சாகவில்லை என்று ஆகும், அது பொய். எல்லாவற்றையும் எழுதினால் பார்க்காததைப் பார்த்ததாக ஆகும், அதுவும் பொய்.

“அக்கம்பக்கத்துல கேட்டா சொல்லுவாங்களே” என்றாளாம் அம்மா.

“எம்மாடு எத்தனை செத்துதுன்னு ஊரு வாசல் வாசலா போய்க் கேக்கணுமாம்மா?” என்றாராம்.

பாங்க் அவருக்கு இலையுதிர்காலம்வரை தவணை கொடுத்திருந்தது. உதவி வந்தால் மிச்ச மாடுகளை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். வராவிட்டால் மாடும் போகும், பண்ணையும் போகும். வெர்னாவை ராபிட் சிட்டியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டிவரும். தலைமுடியைத் துவட்டிக்கொண்டிருந்தபோது வெர்னா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: “லவோன், இந்த ஜன்னல்கிட்டயே என்னை முடிச்சுக்க விட்டா போதும்.”

அம்மாவின் கை கட்டப்பட்டிருந்தது. விண்ணப்பிப்பவருக்காக அலுவலக ஊழியர் சாட்சி தேடிப் போகக் கூடாது. அது விதி, நியாயமான விதியும்கூட. கன்று ஈனும் காலம் என்பதால் நான் வாரக்கடைசிகளில் ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு மாலை அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் பேச்சை எடுத்தாள். எங்கள் தெற்கு ஓடையில் ஆர்லோவின் மாடுகளைப் புதைத்தது அப்பாதானே, சாட்சி எழுதித் தரலாமே என்றாள்.

“அவர் கேக்கட்டும். கேட்டா இந்த நிமிஷமே எழுதித் தரேன்.”

“அவர் கேக்க மாட்டார், மெர்ல்.”

“அப்ப நானா போய், உங்களுது இத்தனை செத்துதுன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்றதா? எங்கப்பனை அறிஞ்சவர் அவர்.”

அம்மா ஒரே தட்டை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் நல்லவர்கள். யாரும் நகர முடியாது. இப்படி ஒரு மின்சுற்றை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பாதுகாப்பும் சரியாகத்தான் இருக்கும், மொத்தத்தில் மின்சாரம் பாயாது.

மே மாதம், கன்றுகளுக்குச் சூடுபோடும் வேலை தொடங்குவதற்கு முன்னால், எங்கள் லுத்தரன் சர்ச்சில் ஒரு பொது விருந்து உண்டு. ஆராதனை முடிந்து எல்லாரும் படியிறங்கி அடித்தளக் கூடத்துக்குப் போவோம். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பன்றி இறைச்சி, பாலும் வெண்ணெயும் விட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு. மடக்கு மேஜைகள். கால் சரியில்லாத ஒரு மேஜைக்கு நான் சிறுமியாக இருந்த காலம் முதல் ஒரே பாட்டுப் புத்தகத்தைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள். விண்ணப்பிக்க அந்த வாரம் மட்டுமே மிச்சம். வருடத்தில் இரண்டொரு நாள்தான் வெளியே வருகிற ஆர்லோ அன்று வந்திருந்தார். வெர்னாவுக்கு ஒரு தட்டு வாங்கிப் போக வேண்டும். அவர் எங்கள் மேஜையில், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். டுவேன் பக்கத்தில். அயோன் ஹாகன் கோடியில்.

அம்மா காபிக் கெட்டிலை வைத்துக்கொண்டு மேஜை மேஜையாக ஊற்றி வந்தாள். புல் எப்படி இருக்கிறது, மழை வருமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆர்லோவின் கோப்பையை நிரப்பினாள். அடுத்த கோப்பைக்குப் போகாமல் நின்றாள்.

“எங்க வீட்ல செத்தது எண்பத்தெட்டு” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் முள்கரண்டிகளின் சத்தம் மேஜை மேஜையாக நின்றது. அப்பா தன் தட்டைப் பார்த்தார். காதோரம் சிவந்து, அது கழுத்துக்கு இறங்கியது.

“பசு அறுபத்தொண்ணு. மிச்சம் கன்னு. எங்க ஓடையில ஆர்லோ குறி போட்டது பதினேழு கிடந்துது. மெர்லும் நானும் புதைச்சோம். ஒவ்வொண்ணையும் நான் என் கண்ணால பாத்தேன்.”

பிறகு டுவேனுக்குக் காபி ஊற்றினாள். அந்த ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது அலுவலகம் அல்ல. அவள் சொன்னது அலுவலக விஷயமும் அல்ல. ஒருத்தி தன் வீட்டு இழப்பைச் சொன்னாள். அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை, ஊர் வழக்கத்தைத் தவிர. ஆர்லோ நாற்காலிக்குக் கீழே இருந்த தொப்பியை எடுத்துவிட்டார். எழுந்திருப்பார் என்று நினைத்தேன்.

அயோன் ஹாகன் வாயைத் துடைத்துக்கொண்டாள். கணவர் இறந்த பிறகு அவள் பண்ணையைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“எனக்கு நாப்பத்திரெண்டு” என்றாள். “ஆர்லோவோடது எங்க பக்கம் ஒம்பது. மரத்தடியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுத்திருந்துது. முதல்ல தூங்குதுன்னு நினைச்சேன்.”

பிறகு டுவேன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“எங்க குட்டையில உன்னுது பதினாலு, ஆர்லோ. உசுரோட இருக்கையிலயே என் புல்லைத்தான் மேஞ்சுது. சாகறதுக்கும் என் வேலிக்குள்ளதான் வருமா?”

ஆர்லோ தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். “உன் வேலின்னு ஒண்ணு நின்னிருந்தா வந்திருக்காது” என்றார்.

முதலில் அயோன்தான் சிரித்தாள். அப்புறம் மேஜை முழுக்கச் சிரித்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு பின்மேஜைகளிலிருந்தும் எண்கள் வந்தன. எனக்கு முப்பது. அவனுடையது என்னிடம் ஐந்து. உன்னுடையது எங்கள் பாலத்துக்குக் கீழே பதினொன்று, அப்போது சொல்லவில்லை. ஆர்லோவின் மாடுகள் மட்டுமல்ல, எல்லாருடையதும். புதிதாக வந்திருந்த பாதிரியார் ஒவ்வொருவராக எண் சொல்வதைக் கேட்டு, இறந்தவர்களுக்கான ஏதோ உள்ளூர் ஜெபம் என்று நினைத்துக்கொண்டு கைகளைக் கோத்துத் தலைகுனிந்தார். அவரை யாரும் திருத்தவில்லை.

ஆர்லோ தன் எண்ணைச் சொல்லவில்லை. வெர்னாவின் தட்டை மூடி எடுத்துக்கொண்டு போனவர் படிக்கட்டில் நின்று திரும்பினார்.

“லவோன், நாளைக்கு ஆபீஸ் எத்தனை மணிக்கு?”

இருபது வருடமாக அவருக்குத் தெரிந்த நேரம்தான்.

“எட்டு மணிக்கு, ஆர்லோ. காபி இருக்கும்.”

வீட்டுக்கு அம்மாதான் ஓட்டினாள். நான் பின்சீட்டில். சரளைச் சாலை திரும்பியதும் அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“அதை நான் என் கூடப்பொறந்தவன்கிட்டகூடச் சொன்னதில்ல” என்றார்.

“செத்ததைத்தானே சொன்னேன். உசுரோட இருக்கறதைச் சொல்லலையே.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நாள் விடியும் முன்பே வேலி கட்டப் போனார். அந்த வாரம் முழுக்க வேலிதான். சாப்பிட வருவார், தட்டைக் கழுவி வைப்பார், போவார். நான் மினியாபொலிஸ் திரும்பிவிட்டேன். அம்மா தொலைபேசியில் வானிலை சொன்னாள். ஆர்லோ வந்து எழுதிக் கொடுத்தார் என்றாள். அயோனும் டுவேனும் மற்றவர்களும் சாட்சி எழுதிவிட்டார்கள். எங்கள் ஓடையில் கிடந்த பதினேழு மட்டும் பாக்கி. அம்மா அலுவலக ஊழியர், அவள் கையெழுத்துச் செல்லாது. கூடத்தில் அவள் சொன்னது தாளில் ஏற வேண்டுமானால் அப்பா எழுத வேண்டும். அவள் கேட்கவில்லை. ஒருமுறை அவரைச் சபையில் நிறுத்தியாயிற்று, இரண்டாவது தடவை செய்ய மாட்டேன் என்றாள்.

வாரக்கடைசியில் மறுபடி கூப்பிட்டாள்.

“உங்கப்பா ஆபீசுக்கு வந்தார்” என்றாள்.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாராம். கதவைத் தட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றி, யாரோ ஓர் அதிகாரியிடம் பேசுகிற மாதிரி, ஒரு சாட்சி எழுதித் தர வந்திருக்கிறேன், மேடம் என்றாராம். இவளும் உட்காருங்கள் என்றாளாம். பெயர் கேட்டு எழுதினாளாம், நில எண் கேட்டு எழுதினாளாம். எண்ணிக்கை வந்ததும் தாளைத் திருப்பி, பேனாவை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாளாம்.

“போய் என்ன செஞ்சே?”

“என்ன செய்வேன், கோப்பையை உருட்டினேன்.”

திரும்பி வந்தபோது தாள் கவிழ்ந்திருந்தது. அப்பா போகவில்லை. காபிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“அங்க உக்காந்து அவர் காபி குடிச்சது அன்னைக்குத்தான் முதல் தடவை. குடிச்சுட்டு மெலிசா இருக்குன்னு சொல்லிட்டுப் போறார், ஜானல்.” மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சளி என்றாள்.

ஆகஸ்டில் உதவி வந்தது. ஆர்லோ மாடுகளை விற்கவில்லை. வெர்னா இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தாள், அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே முடிந்தாள். கடைசியாக ஒருமுறை அம்மா போய்த் தலை அலசிவிட்டு வந்தாள். ஆர்லோ நன்றி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. வெர்னா போன பிறகு வேலை இல்லாத நாளிலும் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார். மெலிசு என்று அவரும் சொல்வார்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு யாரும் யாரிடமும் எண்ணைச் சொல்லவில்லை. அடுத்த வாரமே எல்லாரும் பழையபடி ‘ஏதோ கொஞ்சம்’ ஆகிவிட்டார்கள்.

அம்மா ஓய்வு பெற்றபோது அரசாங்கம் ஒரு கடிகாரம் கொடுத்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து அறுபது கோப்பைக் காபி போடும் பெரிய பாத்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். இனிமேலாவது கொஞ்சம் தூள் கூடப் போடு என்று அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, டுவேன் கையெழுத்து. அந்தச் சீட்டைக் கடைசிவரை அவள் கிழிக்கவில்லை.

அம்மாவின் அடக்கம் முடிந்து எல்லாரும் அதே அடித்தளக் கூடத்துக்கு இறங்கினோம். வீட்டிலிருந்து அந்தப் பாத்திரத்தை நான்தான் தூக்கி வந்தேன். அவள் அளவிலேயே தூள் போட்டேன். மனிதர்கள் வந்து கையைக் குலுக்கினார்கள். நல்ல மனுஷி என்றார்கள். ஒரு வாய் குடித்ததும் பலர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அப்பா பழைய மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆர்லோ நடை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எதிரே உட்கார வெகுநேரம் பிடித்தது. எண்பத்தாறு வயது. மாடுகளைத் தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் ஆர்லோவின் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“நூத்திப் பன்னெண்டு” என்றார் ஆர்லோ.

அப்பா நிமிர்ந்தார்.

“பசு மட்டும். கன்னு இன்னும் போட்டுக்கிட்டு இருக்கு.”

அப்பா கோப்பையைத் தட்டின்மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி ஒரு சுற்று. அம்மா போன நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

“இருநூத்தி நாலு” என்றார். “காளை ஏழு.”

“நல்லா வெச்சிருக்கே, மெர்ல்.”

“அவ வெச்சா” என்றார் அப்பா. அவர் கை மேஜைமேல் நடுங்கியது. ஆர்லோ தன் தொப்பியை எடுத்து அந்தக் கைக்கு முன்னால், மற்றவர்கள் கண்ணில் படாதபடி வைத்தார்.

நான் காபிக் கெட்டிலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். குழாயைத் திறந்தேன். கழுவிய கோப்பைகளையே எடுத்து, வெளியே நன்றாகக் கேட்கும்படி உருட்டினேன்.